நடுவீட்டில் ஒரு முட்டு

குன்னூர் பக்கம் சில வீடுகளுக்குள் போனால் நடுவில் ஒரு கட்டை நிற்கும். கற்பூர மரக் கட்டை, அதாவது யூகலிப்டஸ். தரையிலிருந்து மேல் தளம் வரைக்கும் நேராக நிற்கும். அடியில் இரண்டு ஆப்பு அடித்திருக்கும். ஒரு வீட்டில் அதில் காலண்டர் தொங்குகிறது. ஒரு வீட்டில் கொடி கட்டித் துணி காயப் போடுகிறார்கள். டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் கலர் பல்பு சுற்றி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

அந்தக் கட்டைகள் எல்லாம் எங்கள் மேஸ்திரி வைத்தவை.

நான் கம்பி கட்டுகிறவன். பள்ளிக்கூடம் ஏழாவதோடு சரி. மேஸ்திரி வீடு எடுத்துக் கட்டுவார். தளம் போடும்போது கம்பி கட்ட என்னைக் கூப்பிடுவார். பல வருடம் அப்படி ஓடியது. அவர் பெயரை எழுதவில்லை. அவருக்குப் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒல்லியான ஆள். நீல ஸ்வெட்டர். கழுத்தில் மப்ளர். குளிரோ வெயிலோ அது இருக்கும். யாராவது பேச வந்தால் மப்ளரை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்வார். வீட்டுக்காரர் பேசினாலும் அப்படித்தான், மணல் லாரி டிரைவர் பேசினாலும் அப்படித்தான். பேசி முடிக்கும்வரை கேட்பார். பிறகு ஒரே வார்த்தை.

"ஆகட்டுங்க."

அவர் வாயில் 'வேண்டாம்' வந்து நான் கேட்டதில்லை. 'முடியாது' என்றும் வராது. அவர் சம்சாரம் ஒரு தடவை எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். "எமன் வந்து வாசல்ல நின்னு கூப்புட்டாலும் இந்த மனுசன் ஆகட்டுங்கன்னு செருப்ப மாட்டிக்கிட்டுக் கௌம்பிருவாரு." நாங்கள் சிரித்தோம். மேஸ்திரியும் சிரித்தார்.

இந்தக் குணம் சில இடத்தில் நன்றாகத்தான் இருந்தது. கேத்தியில் கோசு, கேரட் போடும் ஒருவருக்குத் தளம் போட்டோம். கலவை மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு அவர் ஓடி வந்தார்.

"மேஸ்திரி, அந்த மூலையில பாத்ரூம் வருதுங்க. குழாய் போக ஓட்டை விட மறந்துட்டமே."

"ஆகட்டுங்க. தோட்டத்துல ஒரு கோசு பறிச்சுட்டு வரச் சொல்லுங்க."

"கோசா?"

"கெட்டியானதாப் பாத்துப் பறிக்கச் சொல்லுங்க."

கோசு வந்தது. அதற்குப் பாலிதீன் பை சுற்றினார். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் பலகை மேல் உட்கார வைத்தார். அதைச் சுற்றிக் காங்கிரீட் போட்டோம். பலகை பிரிக்கும்போது கோசு அழுகி நாறியது. குச்சியால் குத்தினால் கொட்டிவிட்டது. உருண்டையாக, வழவழவென்று ஒரு ஓட்டை. கம்பி ஒன்றுகூட அறுபடவில்லை. அதிலிருந்து கொஞ்ச நாள் அவரைக் கோசு மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். அதற்கும் ஆகட்டுங்கதான்.

தளத்தில் ஓட்டை விடுவது தப்பில்லை. எங்கே, எப்போது என்று இருக்கிறது. கம்பி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடும். மேலே நிற்கிற பாரத்தை அதுதான் இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு கம்பிக்கு நடுவில் குழாய் போனால் தளத்துக்கு ஒன்றும் இல்லை. கம்பியை அறுத்தால் கதை வேறு. நடுவில் அறுத்தால் அது இரண்டு பக்கமும் சும்மா தொங்குகிறது. அது தாங்கிய பாரமும் பக்கத்துக் கம்பி மேல் போய் ஏறும். முதலிலேயே சொன்னால் ஓட்டையைச் சுற்றிக் கூடுதல் கம்பி கட்டுவேன். நாலு மூலையிலும் சாய்வாகக் கம்பி போடுவேன். விரிசல் மூலையில்தான் பிறக்கும். காங்கிரீட் இறுகிய பிறகு சொன்னால் நான் கட்ட என்ன இருக்கிறது? உடைக்கத்தான் முடியும்.

ஜனங்கள் இறுகிய பிறகுதான் சொல்வார்கள். ஒருவருக்குப் புகைபோக்கி. ஒருவருக்கு மேலே கண்ணாடி போட்டு வெளிச்சம். ஒருவருக்குப் படி. மேஸ்திரி மப்ளரை அவிழ்ப்பார். ஆகட்டுங்க. பிறகு உடைப்பார். உடைத்த ஓரத்துக்குக் கீழே ஒரு கட்டையைக் கொண்டுவந்து நிறுத்தி ஆப்பு அடிப்பார். எதற்கு என்று கேட்டால், "சித்த நாள் இருக்கட்டுங்க" என்பார். அந்தக் கட்டையை எடுக்கவே கூடாது என்று மட்டும் சொல்ல மாட்டார்.

டீ விஷயமும் இப்படித்தான். மலையில் வேலைக்குப் போனால் வீட்டுக்கு வீடு டீ தருவார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. அதற்குப் பிறகும் தந்தார்கள். அவர் சொன்னால்தானே தெரியும். ஒரு தடவை நானே கேட்டேன்.

"உங்களுக்குச் சக்கரை இருக்குதுங்கல்ல, மேஸ்திரி?"

"ஆசையாக் குடுக்கறாங்கப்பா. வேண்டாம்னா மொகம் சுண்டிப் போயிரும்."

குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவார்.

இனி அக்கா வீடு.

அக்கா என்று நாங்கள் கூப்பிட்டது எஸ்டேட்டில் கொழுந்து பறித்த ஒரு அம்மாவை. சின்னப் பிள்ளையாகச் சிலோனிலிருந்து வந்தவர். புருசன் அதே எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டியவர். ரிட்டையர் ஆனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை விட்டுவிட வேண்டும். அதற்குள் சரிவில் கொஞ்சம் இடம் வாங்கி வீடு ஆரம்பித்தார்கள். கீழே ஒரு ஹால், சமையலறை. மேலே ஒரு ரூம். படி வெளியே. தளம் போட்டாயிற்று. குளிருக்கு இங்கே காங்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். கூடுதலாக ஒரு வாரம் விட்டுத்தான் பலகை பிரித்தோம். தளம் நன்றாக வந்திருந்தது.

மழை பிடித்தது. அக்கா வந்தார்.

"என்னா மேஸ்திரி, இவரு நேத்து வெளிப்படியில வழுக்கிப்புட்டாரு. ஏற்கெனவே முட்டி தேஞ்ச கால். படிய உள்ளுக்குப் போட்டுக் குடுங்க."

"எந்தப் பக்கமுங்க்கா?"

"நடுவால போடுங்க. சொவத்தோரம் இவரு கட்டில் வரணும். அந்த ஜன்னல்லதான் வெயில் விழுது."

சுவரோரம் என்றால்கூடப் பரவாயில்லை. அங்கே கம்பி ஓடும் திசையிலேயே ஓட்டையை நீளமாக விட்டால் அறுபடுவது கொஞ்சம்தான். நடு என்றால் முழுசாக அறுக்க வேண்டும். நான் இருமினேன். மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை. மப்ளரை அவிழ்த்தார்.

"ஆகட்டுங்க்கா."

பஸ்ஸுக்கு நடக்கும்போது நான் கேட்டேன்.

"நடுவுல அறுத்தா நிக்குமுங்களா?"

"முட்டு குடுத்துக்கலாம்."

"கட்டில நகத்திப் போடச் சொல்லலாமுங்களே."

"நீ அந்தம்மா மொகத்தப் பாத்தியா? பொறந்ததுல இருந்து லயத்துல கெடந்த பொம்பள. மொத மொதல்ல சொந்த ஊட்டுல எது எங்க இருக்கோணும்னு சொல்லுது. அதுகிட்டப் போயி நான் ஆகாதுன்னு சொல்றதா?"

பஸ் வந்துவிட்டது. ஏறினோம்.

கம்பியை அவரே அறுத்தார். எப்போதும் அப்படித்தான். உடைக்கிற வேலைக்கு ஆள் வைப்பார். கம்பி அறுக்கும் வேலையை யாரிடமும் கொடுக்க மாட்டார். ரம்பத்தை மெதுவாக இழுப்பார். கடைசி நூல் அறும்போது டக் என்று கம்பி விலகும். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு தடவை மேலே பார்த்துக்கொள்வார். அன்றைக்கே கட்டை நின்றது. ஹால் நடுவில், படிக்குப் பக்கத்தில்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா வீட்டுக்குள் நுழைவார். ஆப்பைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். மூலையை அண்ணாந்து பார்ப்பார். டீ குடிப்பார். வந்துவிடுவார்.

அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார். "ஒங்க மேஸ்திரிக்கு என் டீயில அப்புடி என்னா இருக்குன்னு தெரியல தம்பி. மாசம் தவறாம வந்துருவாரு."

கட்டையை எப்போது எடுக்கலாம் என்று அக்காவும் கேட்டுப் பார்த்தார். "சித்த நாள் இருக்கட்டுங்க்கா." அந்தச் சித்த நாள் வருடக் கணக்கில் போனது. அக்காவின் புருசனுக்கு முட்டி முழுதும் போய்விட்டது. உள்ளே போட்ட படியில் அவர் ஏறியது கொஞ்ச நாள்தான். பிறகு ஜன்னலோரக் கட்டிலே கதி.

அக்கா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லியிருந்தார்கள். பழம், பூ வாங்கிக்கொண்டு போனோம். வெளியே மஞ்சு இறங்கி எதிரே இருக்கும் ஆள் தெரியவில்லை. மேல் ரூமைப் பெரிதாக்கி ஷீட் போட்டு ஹால் மாதிரி வைத்திருந்தார்கள். சனம் முழுவதும் மேலே. தட்டு மாற்றும் நேரம். கீழே சாப்பாட்டு டேபிள் வரிசையாகப் போட்டிருந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே மேஸ்திரி உள்ளே பார்த்தார். கால் அப்படியே நின்றது.

கட்டை இல்லை. அது நின்ற இடத்தில் தரையில் வட்டமாக ஒரு வெளுப்பு.

அக்கா பட்டுச்சேலையில் ஓடி வந்தார். "வாங்க மேஸ்திரி, வா தம்பி. ஹால் எப்புடி இருக்கு பாருங்க. நேத்தே மகன் தட்டி எடுத்துப்புட்டான். பயந்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் ஆகல. இப்பத்தான் வூடு மாதிரி இருக்கு."

மேஸ்திரி மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். ஓட்டையின் மூலையிலிருந்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு சாய்வாக ஓடியது. ஒரு கை நீளம். மேலே யாரோ குழந்தைகள் ஓடினார்கள். கோட்டிலிருந்து பொடி உதிர்ந்தது.

மேஸ்திரி மப்ளரை அவிழ்த்தார்.

"நல்லா இருக்குதுங்க்கா," என்றார்.

அக்கா சந்தோஷமாக மேலே ஏறிப் போனார்.

"சத்தம் போட்டுச் சொல்லுங்க, மேஸ்திரி. எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க."

"தட்டு மாத்தற நேரம்ப்பா. இப்பப் போயி ஊடு உழுந்துரும்னு எப்படிச் சொல்றது? நீ ஓடி அந்தக் கட்டையப் பாரு. பொறவால கெடக்கும்."

நான் பின்பக்கம் ஓடினேன். அங்கே அடுப்பு மூட்டியிருந்தார்கள். பெரிய அண்டாவில் சாம்பார். அடுப்புக்குள் கட்டை மூன்று துண்டாகக் கிடந்தது. அடியில் ஆப்பு அழுந்திய தடம் இன்னும் தெரிந்தது.

சமையல்காரர் சொன்னார். "நல்லாக் காஞ்ச கட்டைங்ண்ணா. வெச்சதும் கும்முனு புடிச்சுக்கிச்சு."

திரும்பி ஓடி வந்தேன். மேஸ்திரி கீழே இல்லை. மேலே அவர் குரல் கேட்டது. அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஏனுங்க, மஞ்சு வெலகிருச்சுங்க! பள்ளத்தாக்கு முழுசாத் தெரியுது. போட்டோக்காரர் எல்லாத்தையும் வெளிய வரச் சொல்றாருங்க. பொண்ணு மாப்ள மொதல்ல வாங்க. சீக்கிரமுங்க, மறுபடி மூடிரும்!"

எங்கள் ஊரில் இதற்கு யாரும் யோசிக்க மாட்டார்கள். மஞ்சு விலகினால் விலகின நிமிடத்தில் பார்க்க வேண்டும். எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பெண், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அத்தைமார், குழந்தைகள். மேஸ்திரி படி மேலே நின்றுகொண்டு, "ஒவ்வொருத்தராப் போங்க, மெதுவாப் போங்க" என்று கையைக் காட்டி அனுப்பினார். கடைசியாக அவர் இறங்கினார். கட்டிலில் இருந்த அக்கா புருசனை நானும் அவரும் தூக்கினோம்.

"எனக்கு எதுக்கு போட்டோ?" என்றார் அந்த மனிதர்.

"இருக்கட்டுங்க," என்றார் மேஸ்திரி.

வெளியே வந்தால் வெள்ளையாக மஞ்சு. பக்கத்துத் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் இடுப்பில் கை வைத்தார்.

"எங்கீங்க பள்ளத்தாக்கு? உங்க மேஸ்திரிக்கு மட்டும்தான் தெரியுதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ, "காலையிலேயே ஊத்திக்கிட்டாரு போல" என்றார்கள். மறுபடி மேலே ஏறத் திரும்பினார்கள். மேஸ்திரி வாசல் நடுவில் நின்றார். ஒதுங்கவில்லை.

"சித்த இருங்க. வெலகிரும்."

"பனியில நிக்க வெச்சு வெளாடறீங்களா? வழி விடுங்க," என்றான் அக்கா மகன்.

"சித்த இருங்க கண்ணு."

அப்போது சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. உள்ளே யாரோ சிமெண்ட் மூட்டையை இறக்கிப் போட்ட மாதிரி. பிறகு கண்ணாடி உடைவது. பிறகு தூசி வாசல் வழியாக வந்து மஞ்சோடு சேர்ந்தது.

தளம் முழுதும் விழவில்லை. ஓட்டையின் அந்த மூலை மடிந்து கீழே தொங்கியது. படி சாய்ந்து கிடந்தது. தட்டு மாற்றிய தாம்பாளத்தை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அது ஓட்டை வழியாகச் சரிந்து சாப்பாட்டு டேபிளில் கவிழ்ந்திருந்தது. வெற்றிலையும் மஞ்சளும் காரைத் தூளில் கிடந்தன.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தள்ளிப் போய் நின்று தங்களுக்குள் பேசினார்கள். தட்டு மாற்றின கையோடு வீடு இடிந்தால் யார்தான் பேச மாட்டார்கள். சாப்பிடாமல் வேன் ஏறினார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

பெண் மாலையைக் கழற்றாமல் தேயிலை ஓரத்தில் நின்றது. அக்கா அழவில்லை. நேராக மேஸ்திரிக்கு முன்னால் வந்து நின்றார்.

"மஞ்சு வெலகல. அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

மேஸ்திரி மப்ளரை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு மட்டுமா? நான் படி கேட்டேனே, அன்னைக்கே தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தெரியுங்க்கா."

"வேணாமுன்னு ஒரு வார்த்தை. அன்னைக்கே சொல்லிருந்தா நான் என்னா ஒங்கள அடிச்சிருப்பனா? கட்டில மாத்திப் போட்டிருப்பேன்."

மேஸ்திரி வாயைத் திறந்தார். எனக்கு அவரைத் தெரியும். ஏதோ சொல்லத்தான் பார்த்தார். மப்ளர் இரண்டு கையிலும் முறுக்கிக் கிடந்தது.

"ஆகட்டுங்க்கா," என்றார்.

அக்கா போய் வெளிப்படியில் உட்கார்ந்தார். அது பாசி பிடித்த படி. பட்டுச்சேலை.

வீட்டை அப்புறம் வேறு ஆள் வைத்துச் சரி செய்தார்கள். ஓட்டையைச் சுற்றி பீம் கொடுத்தார்கள். மேஸ்திரி தான் செய்து தருவதாகப் போய் நின்றார். அக்கா மகன் உள்ளே விடவில்லை. பெண்ணுக்குப் பிறகு திருப்பூர் பக்கம் கல்யாணம் ஆனது. அக்கா என்னைக் கூப்பிட்டார். அவரைக் கூப்பிடவில்லை.

அதற்கு மேல் அவர் வேலை எடுக்கவில்லை. மலையை விட்டு இறங்கி மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும் முன்னால் என்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னார். அதையும் முழுசாகச் சொல்லவில்லை. "அந்தக் கட்டை வெச்ச ஊடெல்லாம் உனக்குத் தெரியுமல்ல?" என்றார். தெரியும் என்றேன்.

வீடு வீடாகப் போனேன். கட்டையை எடுக்காதீங்க, எடுத்தால் தளம் இறங்கும், பீம் போடுங்க, இல்லையென்றால் இப்படியே விடுங்க என்று சொன்னேன். எனக்கு அப்படிச் சொல்வதில் சிரமம் இல்லை. சிலர் கேட்டார்கள். சிலர், "இத்தன நாள் அவரு ஒண்ணும் சொல்லலியே, நீ என்ன புதுசா" என்றார்கள். கலர் பல்பு வீட்டில் மட்டும் மூன்று தடவை போனேன். ஒரு வீட்டிலும் எனக்கு டீ தரவில்லை.

போன மழைக்கு முன்னால் மேட்டுப்பாளையத்தில் கம்பி எடுக்கப் போனபோது அவரைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலிலும் கழுத்தில் மப்ளர். இடது பாதத்தில் பெரிய கட்டு. இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம். சர்க்கரைப் புண்.

"ஊடெல்லாம் நிக்குதாப்பா?"

"நிக்குதுங்க."

"அக்கா ஊடு?"

"நல்லா இருக்குதுங்க."

தலையை ஆட்டினார். டீக்கடைக்காரர் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார்.

"அவருக்குச் சக்கரை ஆகாதுங்க," என்றேன் நான்.

"அடடா, தினமும் இப்படித்தானுங்களே குடுக்கறேன். ஒண்ணும் சொல்ல மாட்டாரே. மாத்திப் போட்டுத் தரட்டுங்களா?"

"போட்டது போட்டாச்சு," என்று மேஸ்திரி டம்ளரை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் குடித்தார். என் பஸ் வந்து நின்றது. ஏறாமல் உட்கார்ந்திருந்தேன்.

டீக்கடைக்காரருக்கு மனது கேட்கவில்லை போல. பஜ்ஜித் தட்டைத் துடைத்துக்கொண்டே அவரிடம் வந்தார். கண்ணாடிப் பெட்டியில் ஜிலேபி இருந்தது.

"பெரியவரே, உங்காளு மலைல இருந்து வந்திருக்காரு. சக்கரைதான், ஆனா இன்னைக்கு ஒரு நாளைக்கு ஜிலேபி சூடா ஆளுக்கொண்ணு வெக்கட்டுங்களா? காசு வேண்டாம்."

மேஸ்திரி கழுத்தில் கையை வைத்தார். மப்ளரை அவிழ்த்தார். இந்தத் தடவை என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன்.

"ஆகட்டுங்க," என்றார்.